சன்னிதியில் சொன்னதும் கூண்டில் சொன்னதும்

கார் பின்னாலிருந்து வந்து இடித்த வழக்கு கையில் கிடைத்தால் நீங்கள் துள்ளிக் குதிப்பதை நான் பார்த்திருக்கிறேன். முன்னால் போன வண்டி நிற்கிறது, பின்னால் வந்த வண்டி மோதுகிறது, தப்பு யார் பேரில் என்று பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும், பாதி ஜெயித்தாயிற்று என்று வஞ்சியூர் கோர்ட்டு வராந்தாவில் ஒருவருக்கொருவர் முதுகில் தட்டிக்கொள்கிறீர்கள். அந்தப் பாதியில் ஒன்றுமில்லை, தம்பிமாரே. மிச்சப் பாதியில்தான் கட்சிக்காரன் குடும்பத்தோடு முழுகுகிறான்.

நேருக்கு நேர் மோதினால் ரத்தம் வரும், எலும்பு முறியும், போலீசும் டாக்டரும் அவரவர் வேலையைச் செய்துவிடுவார்கள். பின்னால் இடிபட்டவனுக்கு அப்படி ஒன்றும் நடக்காது. தலை ஒரு தரம் பின்னே போய் முன்னே வரும், அவ்வளவுதான். எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொள்வான். நாலு பேர் ஓடி வந்து கேட்டால் ஒன்றுமில்லை என்பான். அந்த ஒன்றுமில்லை என்ற வார்த்தையை மறுநாள் திரும்ப வாங்க முடியாது. வலி அதற்குப் பிறகுதான் வரும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சீனியர் நாகர்கோவில்காரர். சிரிக்கவே மாட்டார். அவர் ஒரு தடவை சொன்னார்: “பின்னால இடிச்ச கேஸ்ல இடிச்சவன் பொய் சொல்லவே வேண்டாம்வே. அவனுக்கு வேண்டியதை இடிபட்டவனே சொல்லிப் போடுவான்.” நான் அதை வேடிக்கை என்று நினைத்தேன். ஹரிஹரன் வழக்கு வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. ஹரிஹரன் திருவனந்தபுரத்தில் கரமனை அக்கிரகாரத்துக் கல்யாணச் சமையல்காரர். அங்கே தேகண்டக்காரர் என்பார்கள். அவர் கைப் பாயசத்துக்காக முகூர்த்த நாளையே தள்ளிவைத்த வீடுகள் உண்டு. நெஞ்சு அகலமான, கறுத்த, கலகலப்பான மனிதர். மூன்று குழந்தைகள். அவர் தோளும் கழுத்தும்தான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டன. ஒரு காணி நிலம் கிடையாது, வேறு வருமானம் கிடையாது.

வலியசாலையில் ஒரு கல்யாண வீட்டார் அவரை அழைத்துவரக் கார் அனுப்பியிருந்தார்கள். கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வைக்கோல் வண்டி குறுக்கே திரும்ப, டிரைவர் பிரேக்கைப் பிடித்தார். பின்னால் நாகர்கோவிலிலிருந்து வந்துகொண்டிருந்தது ஒரு பெரிய கார். விதுரா மலைப் பக்கம் எஸ்டேட் வைத்திருந்த ஒரு முதலாளியுடையது. அது நேரே வந்து இவர் காரின் முதுகில் மோதியது. முதலாளி நல்ல மனிதர். இறங்கி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சியிருக்கிறார். நம்மவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கல்யாண வீட்டுக்கு நடந்தே போய்விட்டார்.

இதுவரைக்கும் எல்லா ஊரிலும் நடப்பதுதான். இதற்குப் பிறகு நடந்தது கரமனையில் மட்டும்தான் நடக்கும்.

மோதின கணத்தில் ஹரிஹரன், “பிள்ளையாரே!” என்று கூப்பிட்டிருக்கிறார். உயிர் பிழைத்ததும் அது நேர்ச்சை, அதாவது வேண்டுதல், ஆகிவிட்டது. அந்தத் தெருவில் ஆபத்திலிருந்து தப்பினவர்கள் கோயிலில் பாயசம் நிவேதனம் செய்து தெரு முழுவதுக்கும் கொடுப்பார்கள். கொடுக்கும்போது, சுவாமி எப்படிக் காப்பாற்றினார் என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் பாதி நேர்ச்சைதானாம். ஹரிஹரன் மூன்றாம் நாள் பெரிய வெண்கல உருளியில் தானே பாயசம் வைத்தார், தானே இறக்கினார், சன்னிதி வாசலில் நின்று கொடுத்தார். தேகத்தில் ஒரு கேடும் இல்லாமல் பிள்ளையார் காப்பாற்றினார் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு உருளியைத் தூக்கவில்லை.

எங்கள் ஆபீசுக்கு அவர் வந்தபோது சில மாதங்கள் ஆகியிருந்தன. கழுத்து திரும்பாது. பக்கத்து நாற்காலியில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமானால் உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டும். கை மரத்துப்போய்க் கரண்டி நழுவிவிடுகிறது என்றார். கூட வந்த மனைவி கோமதியம்மாள் கதவோரம் நின்றாள். மெலிந்த உடம்பு, அளந்து பேசுகிறவள். வலி எப்போது ஆரம்பித்தது என்று சீனியர் கேட்டார்.

“மறுநாள் காலமே எழுந்திருக்க முடியல்லை. இவதான் தலையைத் தூக்கி விட்டா” என்றார் ஹரிஹரன். சாதாரணமாகத்தான் சொன்னார்.

“பாயசம் வைக்கிறதுக்கு முந்தியே வலி உண்டும்னு சொல்லுதீரு?”

“உண்டு. பின்னே? நேர்ந்தாச்சே, செய்யாம இருக்க முடியுமா?”

சீனியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் எங்கே கத்தியை வைப்பான் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வழக்கு முதலாளி பேரில் இருந்தாலும் நடத்தியது இன்ஷூரன்ஸ் கம்பெனி. அவர்களுடைய டாக்டர், இந்தக் கழுத்துச் சுளுக்கு பாரமான உருளியைத் தூக்கினதில் வந்தது என்று எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் டாக்டரோ கார் மோதினாலும் இப்படி வரலாம், பாரம் தூக்கினாலும் வரலாம் என்று இரண்டு பக்கமும் கால் வைத்தார். ஆக, ஒரே கேள்விதான். உருளியைத் தூக்குவதற்கு முன்பே வலி இருந்ததா? இருந்தது என்றால் நஷ்டஈடு. இல்லை என்றால் அந்தக் குடும்பம் தெருவில்.

சாட்சிப் பட்டியலில் கோமதியம்மாள் பேரையும் சேர்க்கச் சொன்னார் சீனியர். ஹரிஹரன் முகம் சுண்டிப்போயிற்று. “ஆத்துப் பொம்மனாட்டியைக் கூண்டுல ஏத்தப்படாது, பிள்ளைவாள்” என்றார். தேவைப்பட்டால்தான், பேர் மட்டும் இருக்கட்டும் என்று சமாதானம் சொன்னோம்.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது சீனியர் ஜுரத்தில் படுத்துவிட்டார். வாய்தா கேட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை. நான் ஒருவனே போய் நின்றேன். ஹரிஹரனை அதற்கு முன்பே உட்காரவைத்து எல்லாம் சொல்லியிருந்தேன். பாயசத்தைப் பற்றிக் கேட்பார்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், மறுநாள் காலையிலேயே வலி இருந்தது என்று சொல்லுங்கள் என்றேன். அவரும் தலையாட்ட முடியாததால் கையை ஆட்டினார். அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் இல்லாமல் இருந்தது.

குறுக்கு விசாரணைக்கு எழுந்த கம்பெனி வக்கீல் மலையாளி. தமிழ் நன்றாகவே பேசுவார். குரலை உயர்த்தவே மாட்டார். கூண்டில் நிற்கிறவனுக்கு அவர்மேல் பிரியமே வந்துவிடும்.

“சாமி, பாயசம் ஆர் வச்சது?”

“நான்தான். வேற ஆள் வச்சா நேர்ச்சை ஆகுமா?”

“எதுக்கு நேர்ந்தது?”

“கார் இடிச்சப்போ பிள்ளையாரைக் கூப்பிட்டேன். காப்பாத்தினார்.”

“சன்னிதியில் நின்னு ஆள்களிடம் என்ன பறஞ்சீர்?”

“தேகத்துல ஒரு கேடும் இல்லாம சுவாமி காப்பாத்தினார்னு சொன்னேன்.” இதைச் சொல்லும்போது ஹரிஹரனுடைய குரலில் பழைய கலகலப்பு வந்திருந்தது.

“சன்னிதியில் நின்னு பறஞ்சது சத்தியமோ, பொய்யோ?”

பொய் என்ற வார்த்தையை நாங்கள் யாரும் அவரிடம் உச்சரித்ததில்லை. வலி எப்போது வந்தது என்று கேட்டோம், சொன்னார். சுவாமி காப்பாற்றினாரா என்று கேட்டால் அதற்கும் ஆமாம் என்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை. இப்போது ஒருவர் வைத்துக் காட்டிவிட்டார்.

அவர் என் பக்கம் உடம்பைத் திருப்பினார். என்னால் என்ன செய்ய முடியும்? நான் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன்.

“பதில் சொல்லணும்” என்றார் நீதிபதி மலையாளத்தில்.

“சன்னிதியில பொய் சொல்ல மாட்டேன்” என்றார் ஹரிஹரன்.

“அப்போ பாயசத்துக்கு முன்னே வலி இல்லை?”

“இல்லை.”

“உருளி இறக்கினதுக்கு அப்புறம்?”

“உண்டு.”

கம்பெனி வக்கீல் தலைகுனிந்து நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். வழக்கு முடிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஹரிஹரனுக்கு மட்டும் தெரியவில்லை. ஏதோ பெரிய ஆபத்திலிருந்து தப்பினவர்போல மூச்சுவிட்டுக்கொண்டு கூண்டிலிருந்து இறங்கினார்.

மறு விசாரணையில் நான் கேட்டிருக்கலாம். எங்கள் ஆபீசில் வேறு மாதிரி சொன்னீர்களே என்று என் கட்சிக்காரனை நானே கிழித்திருக்கலாம். கேட்கவில்லை. பயந்து ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டவனிடம் திரும்பத் திரும்பக் கேட்டால் அவன் அதையே இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். இதை நீங்கள் மறக்கக் கூடாது. அடுத்த சாட்சியை அழைக்கச் சிறிது அவகாசம் கேட்டேன். நீதிபதி மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தார்.

வராந்தாவில் ஹரிஹரன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவளைக் கூப்பிடாதேங்கோ. கேஸ் போனா போகட்டும்.”

“போனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்?”

“சுவாமி பார்த்துப்பார்.”

“மறுநாள் காலையில் வலி இருந்ததா, இல்லையா? என்னிடம் சொல்லுங்கள்.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னார்: “வலி உண்டுன்னு நினைச்சுண்டே கொடுத்தேன்னு ஆயிடுமே, பிள்ளைவாள். அவ்வளவு பேருக்கு முன்னாலே. அவர் காப்பாத்தல்லேன்னு ஆயிடுமே.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் பேரிலா, அந்தக் கேள்வியைக் கேட்டவர் பேரிலா என்று சொல்லத் தெரியவில்லை. வக்காலத்து கொடுத்தவர் அவர். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர் மனைவி எனக்குக் கட்சிக்காரி இல்லை. வெளியே புளியமரத்தடியில் மூன்றாவது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாட்சி என்பதால் உள்ளே விடவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது.

சீனியர் இருந்தால் என்ன செய்வார் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. நெருக்கடியில் வேறொருவருடைய புத்தி உதவாது. நானாகத்தான் ஒன்று சொன்னேன்.

“சரி, கூப்பிடவில்லை. ஆனால் கேஸை விட்டுவிட்டேன் என்று நீங்களே போய் உங்கள் மனைவியிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அவர்கள் சரி என்றால் நானும் மூட்டையைக் கட்டிவிடுகிறேன்.”

அவர் போனார். நான் தூணருகில் நின்று பார்த்தேன். மரத்தடியில் அவள் எதிரே போய் நின்றார். அவள் குழந்தைக்கு வாழையிலைப் பொட்டலத்திலிருந்து தயிர்சாதத்தை ஊட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஏதோ கேட்டாள். அவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு அப்படியே திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

“கூப்பிடறதுன்னா கூப்பிட்டுக்கோங்கோ” என்றார். என்னைப் பார்க்கவில்லை.

நான் அவளிடம் போய் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்தால் அது சாட்சியம் இல்லை, பாடம். கூண்டில் ஏற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். வலி இருந்ததா என்று கேட்கவில்லை. கார் மோதியதற்கு மறுநாள் காலையில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன்.

தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, நீதிபதியின் மேஜையைப் பார்த்தபடி சொன்னாள். விடிந்து கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை. தலையைத் தூக்க முடியவில்லை என்றார். இரண்டு கையையும் பிடரிக்கு அடியில் கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தேன். வைத்தியரைக் கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாம், தெருவுக்குத் தெரியப்படாது, பாயசம் முடியட்டும் என்றார். உருளியை இறக்கின அன்றைக்கும் காலையில் நான்தான் தூக்கிவிட்டேன். இவ்வளவுதான் சொன்னாள்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு தயக்கத்தைப் பார்த்தேன்.

“அம்மா, அப்போ உங்கள் பர்த்தா சன்னிதியில் பொய் பறஞ்சாரோ?”

“அவர் சுவாமிகிட்ட சொன்னது சுவாமிக்குத் தெரியும். தலையைத் தூக்கி விட்டது நான். அது எனக்குத் தெரியும்.”

“இன்னிக்குக் காலையில் இதே கூண்டில் நின்னு, முன்னே வலி இல்லைன்னு பறஞ்சார். அது?”

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஹரிஹரன் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள். அவர் தரையைப் பார்க்கக்கூட முடியாதவர், அதனால் நேரே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளின் உதடு துடித்தது. மாற்றிச் சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். மாற்றிச் சொல்லியிருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

“என் கையால தூக்கினதைத்தான் நான் சொல்ல முடியும்” என்றாள்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. வாதி பக்தியினால் உண்மையை மறைத்தார், மனைவியின் சாட்சியத்தை நம்புகிறேன் என்று நீதிபதி எழுதினார். கம்பெனி அப்பீலுக்குப் போகவில்லை, பணத்தைக் கட்டிவிட்டது. ஜுரம் தெளிந்து வந்த சீனியரிடம் எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “ஜெயிச்சாச்சு, சரி. அந்த மனுசன் எப்படி இருக்காரு?” என்றார். எனக்கு அதுவரை அப்படி ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

கரமனையில் யாரும் ஹரிஹரனை ஏசவில்லை. அந்த மட்டும் நல்ல ஜனங்கள். ஆனால் சன்னிதியில் சொன்னது உண்மை இல்லை என்று கோர்ட்டே எழுதிவிட்டதே! அதைத் தெரு மறக்குமா? அன்றைக்குப் பாயசம் வாங்கிச் சாப்பிட்டவர்கள் ஆளுக்கொரு விதமாகப் பேசிக்கொண்டார்கள். வரவேண்டாம் என்று யாரும் சொல்லாமலே அவர் கோயிலுக்குள் போவதை நிறுத்திவிட்டார். தீபாராதனை மணி அடிக்கும்போது தெருவின் மறுகோடியில் ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்திருப்பாராம்.

நீங்கள் என்னைக் கேட்பீர்கள், அந்த அம்மாளைக் கூப்பிட்டது சரியா என்று. சரிதான். இன்றைக்கும் கூப்பிடுவேன். நமக்குக் கொடுத்திருக்கிற வேலை அதுதான். இடிபட்டவனுக்குப் பணம் வாங்கித் தரத்தான் சட்டத்தில் வழி இருக்கிறது, மற்றதற்கெல்லாம் அதில் இடம் இல்லை. ஆனால் தீர்ப்பு வந்த அன்று கையைத் தேய்த்துக்கொண்டு காப்பி கிளப்புக்கு ஓடுகிறீர்களே, அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. கட்சிக்காரன் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போகிறான் என்று ஒரு தரம் திரும்பிப் பாருங்கள். உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. இருந்தாலும் பாருங்கள்.

ஒரு வருஷம் கழித்து, நல்ல மழையில், கோமதியம்மாள் ஆபீசுக்கு வந்தாள். மூத்த பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு சிபாரிசு வேண்டியிருந்தது. கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“இருக்கார். இலை போட்டா வந்து சாப்பிடறார். கழுத்துக்குத் தைலம் தேய்ச்சு விட்டா உட்கார்ந்துக்கறார். என்னோட பேசறதில்லை.”

“எப்போதிலிருந்து?”

“கோர்ட்டிலேர்ந்து வந்த அன்னிலேர்ந்து.”

ஒரு வருஷம். நான்தான் கூப்பிட்டிருக்கக் கூடாதோ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவள் கடிதத்தை மடித்து நனையாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“கூப்பிடாம இருந்தா குட்டிகள் பட்டினி கிடந்திருக்கும். அதை விடுங்கோ, பிள்ளைவாள். நாளைக்கே மறுபடியும் கூண்டுல ஏத்தினாலும் நான் அதையேதான் சொல்லுவேன்” என்றாள். குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள்.

“அவரும் அன்னிக்குச் சொன்னதையேதான் சொல்லுவார்.”